பின்தங்கியவர்களா, பின்தள்ளப்பட்டவர்களா?

ஆஸ்பத்திரிக் கணக்குகளெல்லாம் இன்று கம்ப்யூட்டருக்குள்ளும் செல்போனுக்குள்ளும் போய்க் கொண்டிருக்கின்றன. நோயாளியின் பெயர், வயது, இரத்தச் சோதனை, கொடுத்த மருந்து, போட்ட ஊசி ஆகிய எல்லாவற்றையும் ஒரே எண்ணின் கீழ்ச் சேர்த்து வைத்து, எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் பழைய வியாதிக் கதை முழுவதும் அவர் கண்முன் வரும்படி செய்வதே இதன் நோக்கம் என்கிறார்கள். 2021-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி இந்திய சர்க்கார் நாடு முழுவதற்கும் என்று ஆரம்பித்து வைத்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில், சேருகிற ஒவ்வொருவருக்கும் 14 இலக்கம் கொண்ட ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அதற்கு ஒரு வருஷம் முந்தியே, 2020 ஆகஸ்டில், புதுச்சேரி உட்பட 6 யூனியன் பிரதேசங்களில் இதைப் பரீட்சை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இத்திட்டம் நல்லதா, கெட்டதா என்பதல்ல இன்று நாம் எடுத்துக் கொண்ட விஷயம். இப்படிப்பட்ட காரியங்களைச் சுற்றி உலகத்துச் சர்வகலாசாலைகளில் ஒரு பெரிய படிப்பு வளர்ந்திருக்கிறது. "சுகாதாரத் துறையின் புது யந்திரங்களை ஜனங்கள் எப்படி ஏற்றுக் கொள்ளுகிறார்கள், ஏன் ஏற்றுக் கொள்ள மறுக்கிறார்கள்?" என்று ஆராய்வதே அந்தப் படிப்பு. அதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைகள் இருக்கின்றன, பட்டங்கள் இருக்கின்றன. அதைப் படித்து வந்தவர்கள் சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் யோசனை சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லுகிற யோசனைப்படி நடக்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நம் தாய்மாரும், கூலிக்காரரும், கிழவர்களும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகையால் அந்தப் படிப்பு யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறது என்று கேட்க நமக்குச் சகல பாத்தியதையும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. அம்மை நோயை மாரியம்மாளின் விளையாட்டு என்று சொல்லி வேப்பிலை கட்டச் சொன்ன கூட்டத்தோடு மல்லுக்கு நின்று, அம்மை குத்திக் கொள்ளுங்கள் என்று சொல்லுவதுதான் சுயமரியாதைக்காரன் வேலை. ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திக் கருவி சட்டைப் பையிலேயே இருக்கும் காலம் வரும் என்று 1940-களிலேயே "இனிவரும் உலகம்" என்பதில் சொன்னவர் பெரியார். ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போன தொழிலாளி மயங்கி விழுந்தால், அவனுக்குச் சர்க்கரை வியாதி உண்டா, எந்த மருந்து ஒத்துக் கொள்ளாது என்று டாக்டர் ஒரு நிமிஷத்தில் தெரிந்து கொள்ளக் கூடுமானால் அது மனித புத்தியின் வெற்றிதான். அதை வேண்டாம் என்று சொல்ல நமக்குப் பைத்தியமில்லை.

ஆனால் யந்திரம் என்பது மனிதன் செய்த சாமான். மனிதன் செய்த சாமானில் தப்பிருக்கும், மோசமிருக்கும், செய்தவனுடைய சுயநலமிருக்கும். கோயிலில் இருக்கிற கல்லை "இது கல்தானே?" என்று கேட்ட நாம், கம்ப்யூட்டரைப் பார்த்து மட்டும் கையைக் கட்டிக் கொண்டு நிற்பதென்றால், பழைய சாமியை எடுத்துவிட்டுப் புதுச் சாமியை வைத்தோம் என்பதைத் தவிர வேறென்ன பகுத்தறிவு?

நிற்க, அந்தப் படிப்பின் மூல நூலுக்கு வருவோம்.

அமெரிக்காவில் எவரெட் ரோஜர்ஸ் என்ற பேராசிரியர் 1962-ல், புதிய சாதனங்களும் புதிய எண்ணங்களும் ஜனங்களிடையே எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தத் துறையில் இன்றுவரை அதை எடுத்துக் காட்டாதவர் அபூர்வம். அதில் அவர் ஜனங்களை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார். புதியதைத் தாமே தேடிப் போகும் முன்னோடிகள் நூற்றுக்கு 2.5 பேர். அவர்களுக்கு அடுத்தபடி சீக்கிரம் ஏற்பவர்கள் 13.5 பேர். பிறகு பெரும்பான்மையோரில் முந்தியவர்கள் 34 பேர். பிந்தியவர்கள் 34 பேர். எல்லாருக்கும் கடைசியில் "பின்தங்கியவர்கள்" 16 பேர்.

இந்த நாட்டில் பிறந்தவனுக்கு இந்தப் படிக்கட்டைப் பார்த்த உடனே வேறொரு படிக்கட்டு ஞாபகத்துக்கு வராமல் போகாது. மனு நாலு படி கட்டி, அதற்கும் கீழே ஒரு கூட்டத்தைத் தள்ளி வைத்தான். பேராசிரியர் ஐந்து படி கட்டியிருக்கிறார். மனு பிறப்பைக் காட்டினான். பேராசிரியர் கணக்கைக் காட்டுகிறார். அந்தக் கணக்காவது எப்படி வந்தது? ஊர் ஊராய்ப் போய்த் தலையை எண்ணி வந்ததா? இல்லை. ஏற்றுக் கொள்ள ஆன காலத்தின் சராசரியை எடுத்து, மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு கோட்டை வரைந்து, சராசரியிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளியிருப்பவன் இன்ன வகுப்பு என்று வெட்டியதால் வந்தது. ஆகவே எந்த ஊரானாலும், எந்தச் சாமானானாலும், எல்லாருமே வாங்கிவிட்ட பிறகுங்கூட நூற்றுக்கு 16 பேர் பின்தங்கியவர்களாகத்தான் இருந்து தீர வேண்டும். கோடு போட்டவன் வைத்தது சட்டம்!

இதில் நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1954-ல் ரோஜர்ஸ் தம் பட்டத்திற்காக அயோவா மாகாணத்தில் குடியானவர்களை விசாரித்தார். களை மருந்து முதலியவைகளை வாங்கியவனுக்கு மார்க்கு; வாங்காதவனுக்கு மார்க்கு இல்லை. ஒரு குடியானவன் எந்த மருந்தும் வேண்டாமென்று சொல்லிவிட்டான். "பக்கத்துக் காட்டுக்காரர்கள் மருந்தடித்து மண்புழுவையும் பாட்டுப் பாடும் பறவைகளையும் கொன்று கொண்டிருக்கிறார்கள்" என்பது அவன் சொன்ன காரணம். அவனுக்கு எல்லாரிலும் குறைந்த மார்க்கைப் போட்டுப் பின்தங்கியவர் பட்டியலில் சேர்த்தார் பேராசிரியர். ரோஜர்ஸின் புத்தகம் வந்த அதே 1962-ல்தான் ரேச்சல் கார்சன் அம்மையாரின் "மௌன வசந்தம்" வெளிவந்து, அந்த மருந்துகளின் விஷம் உலகத்துக்கு வெட்ட வெளிச்சமாயிற்று. 1972-ல் அமெரிக்க சர்க்காரே டி.டி.டி. மருந்தை விவசாயத்தில் உபயோகிக்கக் கூடாதென்று தடுத்தது. இன்று இரசாயனம் போடாமல் பயிர் செய்பவனுக்கு மரியாதை என்ன, விலை என்ன! அப்படியானால் 1954-ல் பின்தங்கியிருந்தவன் யார்? குடியானவனா, பேராசிரியரின் அளவுகோலா?

ரோஜர்ஸ் நாணயமானவர். இந்தக் கதையைப் பிற்காலப் பதிப்பில் எழுதி வைத்தவரே அவர்தான். புதியதென்றாலே நல்லதென்று நினைக்கும் சாய்வும், குற்றத்தைத் தனி மனிதன் தலையில் கட்டும் சாய்வும் இந்தப் படிப்பைப் பிடித்த இரண்டு வியாதிகள் என்றும் அவரே ஒப்புக் கொண்டிருக்கிறார். ஆனால் குரு ஒப்புக் கொண்டதைச் சிஷ்யர்கள் மறந்துவிட்டு, குரு போட்ட கோட்டை மட்டும் பிடித்துக் கொண்டார்கள். வயலில் அளந்த அதே கோலை ஆஸ்பத்திரிக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார்கள்.

இதற்குத் துணையாக 1989-ல் இன்னொரு கோல் வந்தது. பிரெட் டேவிஸ் என்பவர், ஒருவன் யந்திரத்தை ஏற்பானா என்று அறிய இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும் என்றார். ஒன்று, இது எனக்கு உபயோகமென்று அவன் நினைக்கிறானா? இரண்டு, இது கையாளச் சுலபமென்று அவன் நினைக்கிறானா? இதை அவர் சோதித்துப் பார்த்தது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களையும் எம்.பி.ஏ. மாணவர்களையும் சேர்த்து 152 பேரிடம். அந்தப் பேர்வழிகளுக்கு அந்தக் கேள்விகள் போதுமானவையாக இருந்திருக்கலாம். ஆனால் அதே கேள்விகளைக் கொண்டு வந்து, கர்ப்பிணியிடமும் காசநோய்க்காரனிடமும் நீட்டி, "மிகவும் சம்மதம், சம்மதம், நடுநிலை, சம்மதமில்லை" என்று கட்டத்தில் குறி போடச் சொல்லுவதை என்னவென்று சொல்லுவது?

அந்தக் காகிதத்தில் இல்லாத கேள்விகளைப் பாருங்கள். இந்தக் கணக்கை யார் யார் பார்ப்பார்கள்? இதனால் பணம் சம்பாதிப்பவன் யார்? தப்பு நேர்ந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது? வேண்டாமென்றால் மருந்து கிடைக்குமா, கிடைக்காதா? உன் பாஷையில் இருக்கிறதா? உன் வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது? இவற்றைக் கேட்பதில்லை. ஏனென்றால் இவற்றைக் கேட்டால் பரீட்சை எழுத வேண்டியவர் மாறிவிடுவார். யந்திரம் செய்தவனும், விற்றவனும், வாங்கிய சர்க்காரும் பெஞ்சில் உட்கார்ந்து பதில் எழுத வேண்டி வரும்.

வேண்டுதல் பலிக்கவில்லையென்றால் புரோகிதன் என்ன சொல்லுகிறான்? "உன் பக்தியில் குறை" என்கிறான். சாமியில் குறை என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? யந்திரம் பலிக்கவில்லையென்றால் இந்தப் பண்டிதர் கூட்டம் என்ன சொல்லுகிறது? "ஜனங்களுக்கு விழிப்பு இல்லை, படிப்பு இல்லை, மனப்பான்மை சரியில்லை" என்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

படிப்பில்லாததுதான் காரணம் என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே 2002-ல் ஆஸ்பத்திரிகளையெல்லாம் கம்ப்யூட்டரால் இணைக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். செலவுக் கணக்கு 1,200 கோடி பவுனுக்கு மேல் போயிற்று. 2011-ல் அந்தத் திட்டத்தைக் கலைத்துவிடுகிறோம் என்று சர்க்காரே அறிவித்தது. அதன் ஓர் அங்கமாக, நோயாளி தன் வியாதிக் கணக்கைத் தானே வீட்டிலிருந்து பார்த்துக் கொள்ள "ஹெல்த்ஸ்பேஸ்" என்ற ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். ஜனங்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 2007 முதல் 2010 அக்டோபர் வரையில் முழுக் கணக்குத் திறந்தவர்கள் மொத்தம் 2,913 பேர். அதாவது அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 0.13 பேர். ஆயிரம் பேரை அழைத்தால் ஒருவர் வந்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 2012-ல் கடையை மூடிவிடுவதென்று முடிவாயிற்று.

இங்கிலீஷ்காரர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களா? வேப்பிலை கட்டிக் கொண்டு திரிகிறவர்களா? இல்லையே! அப்படியிருக்க ஆயிரத்துக்கு 999 பேர் ஏன் வரவில்லை? இதை ட்ரிஷ் கிரீன்ஹால் என்ற பேராசிரியையும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு அது உபயோகமாகவும் இல்லை; சுலபமாகவும் இல்லை; அவர்கள் தங்கள் வியாதியை நடைமுறையில் எப்படிக் கவனித்துக் கொள்ளுகிறார்களோ அதற்குப் பொருந்தவும் இல்லை என்று கண்டார்கள். செருப்பு காலுக்குப் பொருந்தவில்லை. அவ்வளவுதான். காலைக் குறை சொல்லுகிறவனை என்ன சொல்லுவது?

அதே பேராசிரியை கூட்டத்தார் 2017-ல் ஒரு சட்டகம் வெளியிட்டார்கள். ஒரு சுகாதார யந்திரம் ஏன் ஏற்கப்படவில்லை, ஏன் கைவிடப்பட்டது என்று பார்க்க ஏழு இடங்களைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். வியாதியின் தன்மை, யந்திரத்தின் தன்மை, யாருக்கு என்ன இலாபம், உபயோகிக்கும் ஆட்கள், நடத்தும் ஸ்தாபனம், வெளியிலுள்ள சட்டதிட்டங்கள், காலப்போக்கில் வரும் மாறுதல் ஆக ஏழு. அதில் ஆட்கள் என்பது ஏழில் ஒன்றுதான். மற்ற ஆறையும் விட்டுவிட்டு அந்த ஒன்றையே போட்டு அடிப்பவர்களைத்தான் நாம் கண்டிக்கிறோமேயொழிய, ஆராய்ச்சியையே கண்டிக்கவில்லை. நாணயமான ஆராய்ச்சி நமக்குச் சிநேகிதன்.

இங்கிலாந்திலேயே இன்னொன்று. குடும்ப டாக்டர்களிடமுள்ள நோயாளிகளின் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கும் "கேர்.டேட்டா" என்ற திட்டத்தை 2013-ல் கொண்டு வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் கைக்கும் போகுமோ என்ற சந்தேகத்துக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. 2014-ல் நிறுத்தி வைத்து, 2016-ல் மூடினார்கள். 2021-ல் வேறு பெயரில் அதே போன்றதைக் கொண்டு வந்தபோது, ஒரே மாதத்தில் 10 லட்சம் பேருக்கு மேல் "எங்கள் கணக்கைக் கொடுக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே அதற்குப் பெயர் பிரஜா உரிமை. இங்கே ஒரு கூலிக்காரி "என் போன் நம்பர் எதற்கு?" என்று கேட்டால் அதற்குப் பெயர் அறியாமை!

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2021 மே மாதம். கொரோனாவில் பிணம் குவிந்து கொண்டிருந்த நேரம். 18 முதல் 44 வயதுள்ளவர்களுக்கு மே 1 முதல் தடுப்பூசி என்று சொன்னார்கள். ஆனால் "கோவின்" என்ற இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து கொண்டவனுக்குத்தான் ஊசி. நேரில் போய் வரிசையில் நிற்பவனுக்கு இல்லை. அந்த இணையதளமோ அப்போது இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்து, நல்ல போன் வைத்து, ஒரு நிமிஷத்தில் விரலை ஓட்டத் தெரிந்தவன் பட்டணத்திலிருந்து கிராமத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் வந்து ஊசி போட்டுக் கொண்டு போக, அந்த ஊரிலேயே இருப்பவன் வேடிக்கை பார்க்கும்படியான கேவலம் அந்த மாதத்தில் நடந்தது. மே 24-ல்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நேரில் வருபவர்களையும் பதிந்து கொள்ளலாமென்று இறங்கி வந்தார்கள். மே 31-ந் தேதி உத்தரவில் சுப்ரீம் கோர்ட்டே, இணையம் இல்லாத ஏழை எளியவர்கள் என்ன செய்வார்கள் என்று சர்க்காரைக் கேட்டது. ஜூன் ஆரம்பத்தில் இதர பாஷைகளைச் சேர்த்தபோது, முதல் பட்டியலில் தமிழ் இல்லை. கூச்சல் கிளம்பிய பிறகு சேர்த்தார்கள்.

அந்த மே மாதத்தில் ஊசி போட்டுக் கொள்ளாதவனைப் பண்டிதர் எந்த வகுப்பில் சேர்ப்பார்? பின்தங்கியவனாகத்தான் சேர்ப்பார். தோழர்களே! நம் இயக்கத்தாருக்கு இந்த வார்த்தை விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. "பின்தங்கிய வகுப்பார்" என்று எழுதிய இடத்திலெல்லாம், "நாங்கள் தங்கினவர்கள் அல்ல, தள்ளப்பட்டவர்கள், பிற்பட்டவர்கள் அல்ல, பிற்படுத்தப்பட்டவர்கள்" என்று திருத்தி எழுத வைத்தவர்கள் நாம். ஒரு எழுத்து மாறினால் குற்றவாளி மாறுகிறான் என்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு "படிப்பில்லாதவன்" என்றதும், கதவை இங்கிலீஷில் பூட்டி வைத்துவிட்டு "ஊசிக்கு வராதவன்" என்பதும் ஒரே யோக்கியதையுள்ள பேச்சு.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எப்போதாவது இணையத்தை உபயோகித்த பெண்கள் நூற்றுக்கு 33.3 பேர், ஆண்கள் 57.1 பேர். தான் உபயோகிக்கத் தனக்கென்று ஒரு செல்போன் உள்ள பெண்கள் நூற்றுக்கு 53.9 பேர். அதாவது ஏறக்குறையப் பாதிப் பெண்களுக்குப் போன் என்பது புருஷன் போன், மாமனார் போன், மகன் போன். இந்த நிலையில் ஆஸ்பத்திரிக் கணக்கைத் திறக்க "போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பரைச் சொல்" என்றால் அந்த நம்பர் யார் கைக்கு வருகிறது? கர்ப்பம் வேண்டாமென்று மருந்து சாப்பிடுகிறவள், கருவைக் கலைத்துக் கொண்டவள், மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவள் ஆகிய இவர்கள் இரகசியமெல்லாம் யார் கைக்குப் போகிறது? 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாதென்கிறது. சட்டம் மூடிய வாயை ஒரு குறுஞ்செய்தி திறந்துவிடாதா? இப்படிப்பட்டவள் "எனக்கு இந்த எண் வேண்டாம்" என்று சொன்னால் அவள் அறிவில்லாதவளா? அவளைக் காட்டிலும் விஷயம் தெரிந்தவர் அந்தச் சர்வகலாசாலையில் யாராவது இருக்கிறார்களா?

அன்றியும், வியாதி என்பது இந்த நாட்டில் ஜாதியைப் போல ஒட்டிக் கொள்ளுகிற சாமான். குஷ்டம், காசம், எய்ட்ஸ் என்று ஊருக்குத் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், பெண்ணுக்குக் கல்யாணம் நின்று போகும். இவ்வளவு ஆபத்துள்ள கணக்கை ஓரிடத்தில் சேர்க்கிறவன், முதலில் பூட்டைக் காட்டிவிட்டு அல்லவா பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும்? சொந்த விவரங்களைக் காக்கும் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது 2023-ல். சுகாதார எண் நாடு முழுவதும் கொடுக்க ஆரம்பித்தது 2021-ல். பெட்டி முன்னால், பூட்டு பின்னால்! தடுப்பூசிக்கு ஆதார் அட்டை காட்டியதற்கே, தங்களைக் கேட்காமல் சுகாதார எண்ணும் உண்டாக்கப்பட்டுவிட்டது என்று அப்போதே பலர் புகார் சொன்னார்கள். விருப்பமிருந்தால் சேரலாம் என்று சர்க்கார் ஏட்டில் இருக்கிறது. விருப்பம் என்பதற்கு அர்த்தம், முதலில் கேட்பதுதானே?

வேலை செய்யும் பெண்கள் நிலைமையையும் பாருங்கள். 2005 முதல் கிராமங்களில் "ஆஷா" என்ற பெயரில் சுகாதார ஊழியப் பெண்களை வைத்திருக்கிறார்கள். "தொண்டர்கள்" என்று மரியாதையாகப் பெயரிட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் பதில் ஊக்கத் தொகை கொடுக்கிறார்கள். 2021-ல் அரியானாவில் இவர்களுக்குக் கொடுத்த போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கவும், போனையே தூரத்திலிருந்து ஆட்டி வைக்கவும் அதனால் முடியுமென்று தெரிந்ததும், அப்பெண்கள் மாட்டோம் என்று சொல்லிப் போராடினார்கள். கம்பெனி அகராதியில் இதற்குப் பெயர் "எதிர்ப்பு மனப்பான்மை". பயிற்சி கொடுத்துத் தீர்க்க வேண்டிய குறை. நம் அகராதியில் இதற்குப் பெயர் சுயமரியாதை.

"அப்படியானால் ஜனங்கள் மறுப்பதெல்லாம் நியாயமா? மூடநம்பிக்கையே கிடையாதா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு, நிறைய உண்டு. ரோஜர்ஸ் தம் புத்தகத்திலேயே பெரு தேசத்துக் கிராமம் ஒன்றின் கதையைச் சொல்லுகிறார். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரு சுகாதார ஊழியப் பெண் இரண்டு வருஷம் பிரசாரம் செய்தாள். 200 குடும்பத்தில் 11 குடும்பந்தான் புதிதாகக் கேட்டது. காய்ச்சிய தண்ணீர் "சூடு" வகை. அது நோயாளிக்கு மட்டுந்தான் என்பது அவ்வூர் நம்பிக்கை. உடம்புச் சூடு, குளிர்ச்சி என்று பேசும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை தப்பு. தப்பென்று சொல்லி, நுண்ணுயிர் இன்னதென்று காட்டி, ஒழிக்க வேண்டியதுதான். பசுவின் மூத்திரம் கொரோனாவைத் தீர்க்குமென்று குடித்தவனிடமும் நமக்குத் தாட்சண்யம் இல்லை.

ஆனால் காரணத்தோடு மறுப்பவனையும், காரணமில்லாமல் மறுப்பவனையும் ஒரே மூட்டையில் கட்டி "பின்தங்கியவர்" என்று முத்திரை குத்துவது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது? மறுப்பவனை "ஏன்?" என்று கேட்டு, அவன் சொல்லும் காரணத்தை எடை போட்டுப் பார்ப்பதல்லவா அறிவு? அப்படிக் கேட்காமலே யந்திரத்தை நம்பச் சொல்லுகிறவன் எவனானாலும், அவன் கழுத்தில் பூணூல் இருந்தாலும் சரி, சர்வகலாசாலை அங்கி இருந்தாலும் சரி, அவன் செய்வது புரோகிதத் தொழில்தான்.

ஊர் தேடிப் போகும் வைத்தியம் முடியாத காரியமுமல்ல. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. கணக்கு கம்ப்யூட்டரில் ஏறட்டும். ஏற்றுகிற வேலை சர்க்காருடையதாகவும், மாத்திரை வாங்குகிற வேலை கிழவியினுடையதாகவும் இருக்கட்டும். யந்திரத்தின் வேலையை நோயாளி தலையில் ஏற்றாதிருப்பதுதான் ஏற்பாட்டின் யோக்கியதைக்கு அடையாளம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். எண் இல்லை, போன் இல்லை, ஓ.டி.பி. வரவில்லை என்ற காரணத்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்கிற காகிதம் தமிழில், படித்துக் காட்டினால் புரியும் தமிழில் இருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அதில் இடமிருக்க வேண்டும். பெண்ணின் கணக்கு பெண்ணுக்கு மட்டுந்தான் தெரிய வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் ஒரு தடவையும் கம்ப்யூட்டரில் ஒரு தடவையுமாகக் கிராமச் செவிலியரை இரட்டை வேலை வாங்கக் கூடாது. சர்க்கார் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி, ஜனங்களைக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கேள்வியை யந்திரம் விற்றவனையும் கேட்டு, இரண்டு பதிலையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

தோழர்களே! நாளைக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் உங்கள் போன் நம்பரையும் ஆதாரையும் கேட்டால், வைத்தியத்தை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஊசியை மறுக்காதீர்கள். ஆனால் "இது எதற்கு? யார் பார்ப்பார்கள்? கொடுக்காவிட்டால் என்ன?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மாளுக்காகவும் நீங்களே நின்று கேளுங்கள். கடவுளையே கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்குக் கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்பது ஒரு பிரமாதமல்ல. பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறவன் எவனோ, அவனே பின்தங்கியவன்.